ஆற்றில் விடாத குரோம் எங்கே போனது? ராணிப்பேட்டைக் கசடின் கதை

இந்த எபிசோடை நீங்க பீச்–தாம்பரம் லோக்கல் ட்ரெயின்ல கேட்டுக்கிட்டு இருந்தா, பல்லாவரம் தாண்டினதும் ஒரு ஸ்டேஷன் வரும். குரோம்பேட்டை. தினமும் அந்தப் போர்டைப் பார்க்கிறவங்களில் பல பேர், அதில் இருக்கிற 'குரோம்' என்னன்னு யோசிச்சிருக்க மாட்டாங்க. அது ஒரு உலோகம். குரோமியம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் குடும்பம் அங்கே நடத்திய குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் ஊருக்கு அந்தப் பேர் வந்தது.

அந்த உலோகம் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது, வந்த பிறகு எங்கே போனது. இந்த இரண்டு கேள்விதான் இன்னிக்குப் பேசப்போறோம். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏன்னா, குரோமியம் ஒரு தனிமம். சாணியோ வாழைத்தண்டோ மக்கிப் போற மாதிரி அது மக்காது. எரிச்சாலும் அழியாது. இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவுதான். ஒரு தொழிற்சாலைக்குள்ளே 100 கிலோ குரோமியம் போச்சுன்னா, அந்த 100 கிலோவும் இன்னிக்கும் பூமியில் எங்கேயோ இருக்கு. ஒருத்தர் காலில் ஷூவா இருக்கலாம். ஒரு கிணத்துத் தண்ணியில இருக்கலாம். இல்லேன்னா ஒரு சுவருக்குப் பின்னாடி சேறா குவிஞ்சு கிடக்கலாம். அந்தச் சேற்றோட வரலாறுதான் இன்னிக்குக் கதை.

பட்டையிலிருந்து பவுடருக்கு

தோல் பதனிடுறது தமிழ்நாட்டுக்குப் பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறவெச்ச தொட்டியில் தோலை வாரக்கணக்கில் போட்டுவைப்பாங்க. பட்டையில இருக்கிற டானின் தோலின் புரதத்தோடு பிணைஞ்சு, அது அழுகாமல் காப்பாற்றும். மெதுவான வேலை. தொட்டி, பட்டை, பொறுமை மூணும் வேணும்.

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பு வைத்துத் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை இன்னும் எளிமையாக்கி, ஒரே கரைசலில் முடியும்படி செய்தார். வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு நாளுக்குள் முடிய ஆரம்பித்தது. தோல் மெல்லிசா வரும், வளையும், சூட்டைத் தாங்கும், எந்தச் சாயமும் நல்லா ஏறும். பதனிட்டதும் வெளிர் நீல நிறத்தில் இருக்கும் என்பதால், தொழிலில் அதை இன்னிக்கும் 'வெட் ப்ளூ' என்றுதான் சொல்றாங்க.

சென்னைக்கு இந்த முறையைக் கொண்டுவந்து சோதித்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த அதே ஆள். 1900களின் தொடக்கத்தில் அவர் குரோம் தோலில் ஆர்வம் காட்டியதற்கு ஒரு காரணம், கவலை. மனசுல வர்ற கவலை இல்லை. மாடு கட்டிக் கிணத்திலிருந்து தண்ணி இறைக்கிற கவலை. பல ஊர்களில் கமலை என்பாங்க. அந்தத் தோல் பை தண்ணியிலேயே ஊறிச் சீக்கிரம் கெட்டுப்போகும். குரோம் தோல் தண்ணியைத் தாங்கும். அதனால் விவசாயிக்கு உதவும் என்பது அவர் கணக்கு. கிணத்துத் தண்ணியை மேலே கொண்டுவர உதவும் என்று நம்பி வரவழைத்த ரசாயனம், பின்னாளில் கிணத்துத் தண்ணி வழக்கிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு இங்கே பட்டைத் தோல்தான் பெரிய தொழில். பாதி பதப்படுத்தின தோல் கப்பல் ஏறிப் போகும். மீதி வேலையையும் பெரிய லாபத்தையும் வெளிநாடு பார்த்துக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு இதை மாற்றணும் என்ற எண்ணம் வலுவானது. 1948-இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. நாம சிஎல்ஆர்ஐ என்று சொல்றது அதைத்தான். 1973-இல் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டு, பாதி பதப்படுத்தின தோலுக்கும் அளவு நிர்ணயித்தது. தோலை முழுசா இங்கேயே முடிச்சு, ஷூவாகவும் ஜாக்கெட்டாகவும் அனுப்பணும் என்பது கொள்கை.

பொருளாதாரமாகப் பார்த்தால் நியாயமான முடிவு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாறு ஓரமாக ஒரு தொழில் வட்டாரமே வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது, இன்னிக்கும் போடுது. அதே சமயம், முன்னாடி மற்ற நாட்டு ஆறுகளுக்குப் போயிருக்க வேண்டிய ரசாயனமும் இங்கேயே தங்க ஆரம்பித்தது.

டிரம்முக்குள்ளே என்ன நடக்குது?

பெரிய மரத்தாலான டிரம் ஒன்று சுத்திக்கிட்டே இருக்கும். உள்ளே தோல், தண்ணி, 'குரோம் பவுடர்' என்று சொல்ற குரோமியம் சல்பேட். நாம போடுற குரோமியம் முழுசும் தோலுக்குள்ளே போயிட்டா பிரச்சினையே இல்லை. ஆனா வழக்கமான முறையில் 10 பங்கு போட்டால் 6, 7 பங்குதான் தோலில் பிடிக்கும். மீதி 3, 4 பங்கு அந்தப் பச்சை நீலத் தண்ணியிலேயே நிற்கும். டிரம்மைத் திறந்தால் அது வாய்க்காலுக்குப் போகும்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிடணும். டிரம்மில் இருக்கிறது மூவிணைத்திறன் குரோமியம். இதன் நச்சு ஒப்பீட்டளவில் குறைவு. இன்னொரு வடிவம் உண்டு, அறுவிணைத்திறன் குரோமியம். அது தண்ணியில் சுலபமா கரையும், மஞ்சளா இருக்கும், புற்றுநோயை உண்டாக்கும். இரண்டும் ஒரே உலோகம்தான், குணம் மட்டும் வேறு. சில சூழ்நிலைகளில் முதல் வடிவம் இரண்டாவதாக மாறும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வழக்கு

1980களில் பாலாறு வட்டாரத்துக் கிணறுகளில் தண்ணி நிறம் மாற ஆரம்பித்தது. உப்பு ஏறியது. நெல்லும் தென்னையும் பட்டுப்போன நிலங்கள் பெருகின. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டம் படிக்கிறவங்க இந்த வழக்கின் பேரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாங்க.

வழக்கில் வைக்கப்பட்ட கணக்குகள் பதற வைக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னது: தோல் ஷாப்புகள் இருக்கிற வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போச்சு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த ஒரு சர்வேயில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருது, வேலை தருது என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. அதற்காக நிலத்தையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றும் சொன்னது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்', 'முன்னெச்சரிக்கை வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரணும், இல்லேன்னா சொந்தமாகச் சுத்திகரிக்கணும். இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம்.

பெரிய தீர்ப்பு, சந்தேகமே இல்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் வேலை செய்தன, செய்கின்றன. ஆனால் அந்த நிலையத்துக்குள்ளே என்ன நடக்குது என்று பார்த்தால்தான் அடுத்த சிக்கல் புரியும்.

'சுத்திகரிப்பு' என்ற வார்த்தை

தோல் ஷாப்பிலிருந்து வரும் தண்ணியில் குரோமியம் கரைந்து நிற்கும், கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அதில் சுண்ணாம்பு மாதிரி காரத்தைச் சேர்த்தால், குரோமியம் ஹைட்ராக்சைடாக மாறித் திரிந்து அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணியை எடுத்து அடுத்த கட்டத்துக்கு அனுப்புவாங்க. அடியில் நிற்பதுதான் கசடு. தொழிலில் எல்லாரும் சொல்றது ஸ்லட்ஜ்.

கவனிச்சீங்களா? எந்த உலோகமும் அழியலை. தண்ணியில் பரவலா இருந்தது, சேற்றில் ஒன்றுசேர்ந்தது. தண்ணி எவ்வளவு நல்லா சுத்தமாகுதோ, கசடில் அவ்வளவு உலோகம் சேரும். ஒரு சுத்திகரிப்பு நிலையம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதற்குச் சாட்சியே அதன் கொல்லையில் ஏறும் கசடுதான்.

அந்தக் கசடில் குரோமியம் மட்டும் இருந்தாலாவது பரவாயில்லை. முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பு, சல்பைடு, தோலிலிருந்து வந்த கொழுப்பு, புரதம், பதப்படுத்தப் போட்ட உப்பு எல்லாம் ஒரே வாய்க்காலில் வந்து ஒன்றாகக் கலந்திருக்கும். அமுக்கிப் பிழிஞ்ச பிறகும் பாதிக்கு மேல் ஈரம். உரமாகப் போட முடியாது, உலோகம் இருக்கு. உலோகமாக எடுக்கவும் முடியாது, மற்றதெல்லாம் இருக்கு. சட்டப்படி இது அபாயகரமான கழிவு. அதற்கான விதிகள் 1989-லேயே வந்துவிட்டன. ஆனால் விதி வந்த வேகத்தில், கசடைப் பாதுகாப்பாக வைக்க இடம் வரலை. பல நிலையங்களின் வளாகத்திலேயே அது வருஷக்கணக்கில் குவிந்தது.

பவுடர் செய்த இடம்

இன்னொரு குவியலும் ராணிப்பேட்டையில் இருக்கு. அது தோல் ஷாப்பின் கசடு இல்லை. தோல் ஷாப்புக்கு வேண்டிய குரோம் ரசாயனத்தைச் செய்த இடத்தின் கழிவு.

ஒடிசாவில் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமைட் தாது கிடைக்கும். அதைச் சோடா உப்போடு சேர்த்து உலையில் வறுத்தால் கிடைப்பது அறுவிணைத்திறன் குரோமியம், அதாவது மஞ்சள் வில்லன். அதைப் பிறகு வேறு ரசாயனம் சேர்த்துப் பச்சை குரோம் பவுடராக மாற்றுவாங்க. வறுத்த தாதுவிலிருந்து கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் மண்ணில் அந்த மஞ்சள் குரோமியம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை, இப்படி ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் கழிவைத் திறந்த வெளியில் விட்டுச் சென்றது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணி ஓடும். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட 10 இடங்கள் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். கம்பெனி மூடியபோது சம்பளக் கணக்கு நின்றது, உற்பத்திக் கணக்கு நின்றது. உலோகத்தின் கணக்கு நிற்கவில்லை.

அடையாறில் இருந்த விடை

இப்போ ஒரு நல்ல செய்தி. கொஞ்சம் கோபம் வர வைக்கும் நல்ல செய்தி.

டிரம்மில் மிஞ்சும் அந்தப் பச்சைத் தண்ணியை மற்ற கழிவுநீரோடு கலக்காமல் தனியாகப் பிடித்தால் என்ன? அடையாறில் சிஎல்ஆர்ஐ விஞ்ஞானிகள் இந்தக் கேள்விக்கு நடைமுறை விடை தந்தாங்க. 1990களில் ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பும் இந்த வட்டாரத்தில் இதைப் பரப்ப உதவியது.

முறை ரொம்ப எளிமை. குரோம் தண்ணிக்கு மட்டும் தனி வாய்க்கால், தனித் தொட்டி. முடி, துணுக்கை வடிகட்டி எடுக்கணும். பிறகு மெக்னீசியம் ஆக்சைடு பவுடரைப் போட்டுக் கலக்கணும். குரோமியம் ஹைட்ராக்சைடு அடியில் கனமாக, கச்சிதமாகப் படியும். சுண்ணாம்பு போட்டால் பொங்கிப்போய் நிறைய இடம் பிடிக்கும். மெக்னீசியத்தில் அப்படி ஆகாது. கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் காரத்தன்மை எல்லை மீறாது என்பதால், படிந்த குரோமியம் திரும்பக் கரையாது. இரவு முழுக்க விட்டு, காலையில் மேல் தண்ணியை வடித்து, அடியில் இருப்பதில் கந்தக அமிலம் ஊற்றினால் மறுபடி அதே குரோமியம் சல்பேட். புதுப் பவுடரோடு சேர்த்து அடுத்த டிரம்முக்கே போடலாம்.

அதாவது வாய்க்காலில் கலப்பதற்கு முன்னால் அது காசு கொடுத்து வாங்கின சரக்கு. கலந்த பிறகு காசு கொடுத்துப் புதைக்க வேண்டிய கழிவு. அதே உலோகம்தான். நடுவில் இருப்பது ஒரு குழாய் இணைப்பு.

சரி, இவ்வளவு சுலபம்னா ஏன் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கலை? சின்ன ஷாப்புகள் பல, நெருக்கமான இடத்தில், பழைய வாய்க்கால் அமைப்போடு இயங்கின. தனிக் குழாய் போட இடமும் பணமும் வேணும். மீட்ட குரோம் போட்டால் நிறம் மாறிடும், வெளிநாட்டு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிடுவார் என்ற பயமும் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. சட்டமும் வாரியமும் முக்கியமாக அளந்தது வெளியே போகும் தண்ணியை. தண்ணியில் குரோமியம் வரம்புக்குள் இருந்தால் பாஸ். உள்ளே எத்தனை கிலோ வாங்கினீங்க, தோலில் எத்தனை போச்சு, மீதி எங்கே என்று கிலோவில் கணக்குக் கேட்பது தண்ணியைச் சோதிப்பது அளவுக்கு நடக்கலை. எதை அளக்கிறோமோ அதுதான் சுத்தமாகும். கசடை அளக்காமல் விட்டோம், அது வளர்ந்தது.

2015, ஜனவரி 31

அன்று அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி ஒன்றின் சுவர் உடைந்தது. தேங்கியிருந்த கசடு மொத்தமாகப் பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. அங்கே தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. மாசைத் தடுக்கக் கட்டின நிலையம் அது. அவங்களைக் கொன்றது ஆற்றில் விட்ட கழிவு இல்லை, ஆற்றில் விடாமல் பிடித்துவைத்த கழிவு. பாலாற்றுக்குப் போகாமல் நிறுத்தினதை எங்கே வைப்பது என்ற கேள்வியை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டதன் விலையை, அந்தக் கேள்வி பற்றிக் கேள்விப்பட்டே இராதவர்கள் கொடுத்தார்கள்.

இன்னிக்கு என்ன வழி?

இப்போ கசடுக்கு இருக்கிற முக்கிய வழி, பாதுகாக்கப்பட்ட நிலப்புதைப்பு. அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசிவைப் பிடிக்கக் குழாய் வைத்து, மேலே மூடிவிடுவது. கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவுகளுக்கு அப்படி ஒரு மையம் இருக்கு. புதைத்தாலும் தலைமுறைகளுக்குக் கண்காணிக்கணும், ஏன்னா உலோகத்துக்கு ஆயுள் முடிவு கிடையாது.

இன்னொரு யோசனை அடிக்கடி வரும்: செங்கல்லில் சேர்த்துச் சுட்டால் என்ன? இங்கேதான் முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன விஷயம். சுண்ணாம்பு கலந்த குரோமியக் கசடைக் காற்றுப் படும்படி சூடாக்கினால், நச்சு குறைந்த வடிவம் மஞ்சள் வில்லனாக மாறலாம். ஆய்வகத்தில் வெப்பத்தையும் காற்றையும் கட்டுப்படுத்திச் செய்வது வேறு. ஒரு சூளையில் குத்துமதிப்பாகச் செய்வது வேறு. 'மறுசுழற்சி' என்ற வார்த்தை இருந்தாலே அது நல்லது ஆகிவிடாது.

கழிவுநீரை வெளியே விடாமல் முழுக்க மறுபயன்பாடு செய்யும் முறையும் வந்திருக்கு. தண்ணி மிச்சமாகும். ஆனால் தண்ணியைப் பிரித்த பிறகு நிற்கும் கலப்பு உப்பு, அடுத்த குவியல். பழைய கதை புதுப் பொருளில்.

அதனால்தான் டிரம் பக்கத்திலேயே பிரச்சினையை முடிக்கும் வழிகள் முக்கியம். தனி வாய்க்கால், குரோம் மீட்பு, குரோமியம் தோலில் அதிகமாகப் பிடிக்கும் முறைகள், பதனிடும்போது தண்ணியே சேர்க்காமல் குரோம் ஏற்றும் சிஎல்ஆர்ஐயின் புதிய முறை. இவற்றில் எதுவும் கசடை நன்றாகப் புதைப்பது பற்றியது அல்ல. கசடே உருவாகாமல் பார்ப்பது பற்றியது.

கடைசியா ஒரு தேதி. 2025 ஜனவரி 30. ராணிப்பேட்டைச் சுவர் உடைந்து 10 வருஷம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கணும், அரசு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கணும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கணும் என்று உத்தரவு. 1996 தீர்ப்புக்கு 28 வருஷம் கழித்து, அந்த உத்தரவின் மிச்ச வேலை. 1991-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு இப்போ 30 வயது தாண்டியாச்சு. வழக்குக்கும் அதே வயது.

நீங்க சுற்றுச்சூழல் படிக்கிறவங்களா இருக்கலாம், ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களா இருக்கலாம், சும்மா ஒரு ஷூ வாங்குறவங்களா இருக்கலாம். அடுத்த தடவை எங்கேயாவது 'எங்கள் கழிவுநீர் 100 சதவீதம் சுத்திகரிக்கப்படுகிறது' என்று போர்டு பார்த்தால், சந்தோஷப்படுங்க, அது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் ஒரு கேள்வி கேளுங்க: எடுத்ததை எங்கே வெச்சிருக்கீங்க?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.